151-ஆவது இடமும் வாடிப்பட்டி மாஜிஸ்திரேட்டும்

சிம்மக்கல் | 3 மே 2025, காலை 7.50

இன்று உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள். பாரிசில் இருக்கும் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு நேற்று வெளியிட்ட பத்திரிகைச் சுதந்திரப் பட்டியலில், 180 நாடுகளில் இந்தியாவுக்கு 151-ஆவது இடம். சென்ற ஆண்டு 159. முதலிடம் நார்வே, கடைசி இடம் எரித்ரியா. இன்று இரவு தொலைக்காட்சியில் ஒரு தரப்பு இதை வைத்துப் புலம்பும், மறுதரப்பு பட்டியலே சதி என்று கூவும். இடையில் நகைக்கடை விளம்பரம் வரும்.

எனக்கு அந்த எண்ணோடு தகராறு இல்லை. என் கேள்வி வேறு. மதுரை மாவட்டத்தில் ஒருவர் ஒரு செய்தியை எழுதிவிட்டார், அல்லது முகநூலில் கிண்டலாக ஒரு வரி போட்டுவிட்டார். போலீஸ் வாசலுக்கு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவரைக் காப்பாற்றப்போவது யார்? பேச்சுரிமை தரும் அரசியல் சட்டத்தின் 19-ஆவது பிரிவு என்று பள்ளியில் படித்தோம். மாலைப் பத்திரிகை ஒன்றில் பிழை திருத்துபவனாக உட்கார்ந்து இந்த வழக்குச் செய்திகளையெல்லாம் எழுத்தெண்ணிப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் நாள் அவரைக் காப்பதும் கைவிடுவதும், அவர் நிறுத்தப்படும் கோர்ட்டின் மாஜிஸ்திரேட்தான். டெல்லியும் இல்லை, பாரிசும் இல்லை.

வாடிப்பட்டி வழக்கைப் பலர் மறந்திருப்பீர்கள். 2021. இடதுசாரிக் கட்சி ஒன்றின் நிர்வாகி, அறுபதைத் தாண்டியவர், குடும்பத்தோடு சிறுமலைக்குப் போனார். படங்களை முகநூலில் போட்டு, துப்பாக்கிப் பயிற்சிக்காக வந்திருப்பதாக விளையாட்டாக எழுதினார். சிறுமலையில் கிடைப்பது வாழைப்பழமும் பலாவும் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். வாடிப்பட்டி போலீசாரின் முதல் தகவல் அறிக்கையில் இருந்த பிரிவுகளில் ஒன்று, இந்திய தண்டனைச் சட்டம் 122: அரசுக்கு எதிராகப் போர் தொடுக்க ஆயுதம் சேகரிப்பது. கைது செய்து மாஜிஸ்திரேட் முன் நிறுத்தினார்கள். அவர் ரிமாண்ட் செய்ய, அதாவது காவலில் அடைக்க, மறுத்துவிட்டார்.

பிறகு அந்த ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் வழக்கையே ரத்து செய்தார். வாரணாசி முதல் வாடிப்பட்டி வரை கேலி செய்யக்கூடாத புனிதப் பசுக்கள் மேய்வதாக அவர் எழுதியதும், சிரிப்பதையும் அடிப்படைக் கடமைகளில் சேர்க்கலாம் என்றதும் நாடெங்கும் செய்தியாயின. ஆனால் அந்த மனிதர் அன்றிரவு வீட்டில் படுத்ததற்குக் காரணம் அந்தத் தீர்ப்பு அல்ல.

2018 அக்டோபரில் நக்கீரன் கோபாலைக் கைது செய்தபோதும் இதே கதைதான். ஆளுநர் மாளிகையின் புகார், பிரிவு 124: ஆளுநரைப் பணி செய்யவிடாமல் தடுப்பது. எழும்பூர் கோர்ட்டில் 'இந்து' என்.ராம் எழுந்து பத்திரிகையாளர்கள் சார்பில் பேசினார். அந்த மாஜிஸ்திரேட்டும் ரிமாண்டை மறுத்தார். எதிர்ப்பக்கத்தில் 2020 சாத்தான்குளம். தந்தையையும் மகனையும் சரியாகப் பார்க்காமலே கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பினார்கள் என்ற குற்றச்சாட்டு. அது பத்திரிகை வழக்கு அல்ல, செல்போன் கடை வழக்கு. ஆனாலும் மாஜிஸ்திரேட் என்ற கதவு ஒன்றுதான். பத்திரிகைச் சுதந்திரத்தைத் தனியாகவும் குடிமக்கள் உரிமையைத் தனியாகவும் பேசுவது எனக்குப் பிடிபடுவதில்லை.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். கட்சிச் சண்டை வேண்டாம்.

நாகமலை | 3 மே, காலை 9.15

அண்ணே, பட்டியலோடு தகராறு இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள். எனக்கு இருக்கிறது. பூட்டானைப் பாருங்கள். 2022-இல் 33-ஆவது இடம். 2023-இல் 90. 2024-இல் 147. இப்போது 152. மூன்று ஆண்டில் அங்கே புரட்சி நடந்ததா, ராணுவம் ஆட்சியைப் பிடித்ததா? மன்னர் பரம்பரை ஆளும் கத்தார் நமக்கு வெகுமேலே இருக்கிறது. மதுரையில் எந்தத் தேநீர்க் கடையிலும் முதலமைச்சரையும் பிரதமரையும் பெயர் சொல்லித் திட்டிவிட்டு வடையையும் தின்றுவிட்டு வரலாம். கத்தாரில் அமீரைத் திட்டிவிட்டு வர முடியுமா? யாரோ சிலர் கேள்வித்தாளை நிரப்பி அனுப்புகிறார்கள், அதை வைத்து நமக்கு மதிப்பெண்.

உலகனேரி வக்கீல் | 3 மே, பகல் 1.20

நாகமலை சொன்னதில் பாதி நியாயம். அந்தப் பட்டியல் ஐந்து அளவுகோல்களைக் கூட்டிச் செய்வது: அரசியல், சட்டம், பொருளாதாரம், சமூகம், பாதுகாப்பு. பத்திரிகையாளர்கள் மீதான தாக்குதல்களின் கணக்கு ஒருபுறம், நிபுணர்கள் நிரப்பும் கேள்வித்தாள் மறுபுறம். பூட்டான் போன்ற சிறிய நாட்டில் நிரப்புபவர்களும் சிலரே, பத்திரிகைகளும் சிலவே, அவையும் அரசு விளம்பரத்தை நம்பி இருப்பவை. நாலு பேர் மனநிலை மாறினால் எண் எங்கோ போகும். 2022-இல் கணக்கிடும் முறையையே மாற்றினார்கள். ஆகவே பக்கத்து ஆண்டுகளை ஒப்பிட்டு மகிழ்வதும் அழுவதும் வீண். ஆனால் இந்தியா பல ஆண்டுகளாக 140-க்குக் கீழேயே கிடக்கிறது. அதைக் கேள்வித்தாளின் குற்றம் என்று தள்ளிவிட முடியாது.

தேநீர்க் கடைப் பேச்சு சுதந்திரத்துக்குச் சான்று ஆகாது. திட்டுவதால் யாருக்கும் நஷ்டம் இல்லை. டெண்டர் எண்ணைச் சொல்லிப் பேசிப் பாருங்கள்.

சிம்மக்கல் அண்ணன் கைவைத்திருப்பது சரியான இடம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டம் 22-ஆவது பிரிவு. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பதே வழக்கமான நடவடிக்கையாக இருக்கக்கூடாது, ஏன் தேவை என்று போலீஸ் எழுதிக் காட்ட வேண்டும், மாஜிஸ்திரேட் அதைப் படித்துத் திருப்தி அடைய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் சொன்னது. நடைமுறை என்ன? வெள்ளிக்கிழமை மாலை கைது. விடுமுறை நாளில் மாஜிஸ்திரேட் வீட்டில் ஆஜர். வக்கீல் வருவதற்குள் காரியம் முடிந்துவிடும். அச்சடித்த படிவத்தில் தேதியும் பெயரும் மட்டும் கையால் எழுதப்பட்டிருக்கும். 15 நாள்.

இப்படி எழுதுவது எளிது. அந்த நாற்காலியில் இருப்பவர் பெரும்பாலும் முப்பதுகளில் இருப்பார், அன்றைக்கே நூறு கோப்புகள் மேசையில் கிடக்கும், அதே போலீசாரோடுதான் மறுநாளும் வேலை பார்க்க வேண்டும். மறுத்து எழுத முதுகெலும்பு வேண்டும். வாடிப்பட்டியில் இருந்தது.

ஒரு சரித்திரத் துணுக்கு. சுதந்திர இந்தியாவில் பத்திரிகைச் சுதந்திரத்தின் முதல் பெரிய தீர்ப்பு நம் மாகாணத்துக்கு எதிராகத்தான் வந்தது. பம்பாயில் இருந்து வந்த 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை உள்ளே நுழையக்கூடாது என்று மெட்ராஸ் அரசு தடை போட்டது. ரொமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் போனார். 1950 மே மாதம் தடை செல்லாது என்று தீர்ப்பு. அடுத்த ஆண்டே முதல் சட்டத்திருத்தம் கொண்டுவந்து, 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தை, பேச்சுரிமைக்கு வரம்பு வைக்கும் 19(2)-இல் சேர்த்துவிட்டார்கள். நேரு காலம் என்று ஏங்குபவர்கள் இதையும் சேர்த்து ஏங்கவும்.

மேலூர் பழைய நிருபர் | 4 மே, காலை 6.30

மாஜிஸ்திரேட் வரை போகும் செய்தி நூற்றில் ஒன்று. மற்ற தொண்ணூற்றொன்பதும் எழுதப்படாமலே போவதைப் பற்றி யாராவது பேசுங்கள் ஐயா.

நான் தாலுகா நிருபராக இருந்தவன். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம், எல்லாவற்றிலும் ஏறக்குறைய அதே முறைதான். மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு இவ்வளவு என்று கணக்கு. பெட்ரோல் என்னுடையது, செல்போன் என்னுடையது, அடி வாங்கினால் அதுவும் என்னுடையது. ஆனால் பொங்கல் மலருக்கும் தீபாவளி மலருக்கும் விளம்பரம் பிடித்துக் கொடுக்க வேண்டும், அதற்கு இலக்கு உண்டு. அதில் வரும் கமிஷன்தான் வீட்டுக்கு அரிசி. மேலூர்ப் பக்கம் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கக்கூடியவர்கள் யார்? கிரானைட் குவாரிக்காரர்கள், கல்யாண மண்டபத்துக்காரர்கள், கட்சி மாவட்டப் பிரமுகர்கள். யாரைப் பற்றி எழுத வேண்டுமோ அவரிடமே போய், 'அண்ணே, வாழ்த்து விளம்பரம்' என்று நிற்க வேண்டும். அவர் மிரட்டவே தேவையில்லை. காபி வாங்கிக் கொடுப்பார். வீட்டில் பிள்ளைகள் சுகமா என்று கேட்பார்.

கீழவளவு பக்கம் கண்மாயும் குன்றும் காணாமல் போனது எங்களுக்கெல்லாம் தெரியும். லாரி லாரியாகக் கல் போனதைப் பஸ் ஸ்டாண்டில் நின்றே எண்ணலாம். செய்தித்தாளில் வந்தது எப்போது? 2012 மே மாதம் கலெக்டர் சகாயம் அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார், இழப்பு 16,338 கோடி ரூபாய் இருக்கும் என்று. ஆகஸ்டில் அது வெளியே கசிந்தது. அதன் பிறகு எல்லாப் பத்திரிகையும் முதல் பக்கத்தில் போட்டன. சென்னையில் இருந்து, டெல்லியில் இருந்து நிருபர்கள் வந்தார்கள், நாங்கள் வழி காட்டினோம். ஒரு கலெக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் எங்கள் கண் எங்களுக்கே தெரிந்தது. அதற்கு முன் யாரும் எங்களைக் கைது செய்யவும் இல்லை, தணிக்கை செய்யவும் இல்லை. 151 என்பதில் இந்தக் கணக்கு இருக்கிறதா?

உலகனேரி வக்கீல் | 4 மே, காலை 8.05

இருக்கிறது அண்ணே. அதுதான் பொருளாதார அளவுகோல். இந்த ஆண்டு உலகம் முழுவதுமே அந்த மதிப்பெண்தான் படுத்துவிட்டது என்று அறிக்கை சொல்கிறது. ஆனால் அவர்கள் பேசுவது பெரிய நிறுவனங்கள் யார் கையில் இருக்கின்றன என்பதைப் பற்றி. பொங்கல் மலர் அவர்களுக்குத் தெரியாது.

புதூர் மாணவி | 4 மே, இரவு 10.10

வணக்கம். காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் படிக்கிறேன். இங்கே எல்லாரும் ஒரே குரலில் பேசுவது போல் இருப்பதால் ஒன்று கேட்கிறேன்.

சென்ற ஆண்டு மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கரைத் தேனியில் கைது செய்தார்கள். பெண் போலீசாரைப் பற்றி அவர் பேசியது கேவலம். என் சித்தி ஆயுதப்படையில் இருக்கிறார். அந்தப் பேட்டி வந்த வாரம் அவர் வீட்டில் எப்படி இருந்தார் என்று எனக்குத் தெரியும். அவரை உள்ளே வைத்ததற்குப் பத்திரிகைச் சுதந்திரம் போய்விட்டது என்று கொடி பிடித்தால் எனக்குக் கோபம் வருகிறது. வண்டியில் 'பிரஸ்' ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு கடைக்காரரிடம் வசூல் செய்பவர்களும் நம் ஊரில் நிறைய. இவர்களுக்கும் அதே கேடயமா?

உலகனேரி வக்கீல் | 5 மே, காலை 7.40

தங்கையின் கோபம் நியாயமானது. பெண்களை இழிவாகப் பேசினால் வழக்குப் போடச் சட்டம் இருக்கிறது, அதன்படி கைது, ஜாமீன், விசாரணை, தண்டனை என்று போகட்டும். அதை யாரும் தடுக்கவில்லை. வசூல் செய்பவர் மீது மிரட்டிப் பணம் பறித்த வழக்கு. பத்திரிகையாளர் என்பதற்காகத் தனிச்சலுகை இந்தியச் சட்டத்தில் எங்கும் இல்லை, நானும் கேட்கவில்லை.

என் சண்டை குண்டர் சட்டத்தோடு. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் 14. கள்ளச்சாராயம், போதைப்பொருள், ரவுடி, நில அபகரிப்பு என்று வளர்ந்துகொண்டே போகும் பட்டியல். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ கையெழுத்துப் போட்டால் 12 மாதம் வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். ஜாமீன் மனுவுக்கு இடமில்லை. சிம்மக்கல் அண்ணன் சொன்ன மாஜிஸ்திரேட் கதவு இங்கே கிடையவே கிடையாது. சங்கர் மீதும் அதைத்தான் போட்டார்கள். 2024 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவர் பேச்சு எனக்கும் அருவருப்புதான். ஆனால் அருவருப்பான ஆளிடம் பழகிக்கொள்ளும் ஆயுதம் நாளை மேலூர் நிருபர் மீது திரும்பும்.

எந்த ஆட்சி என்று கேட்காதீர்கள். 1987-இல் அட்டைப்பட நகைச்சுவைக்காக ஆனந்த விகடன் ஆசிரியருக்கு மூன்று மாதச் சிறை என்று சட்டமன்றம் முடிவு செய்தது. 2003-இல் 'இந்து' பத்திரிகையாளர்களுக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் என்று இன்னொரு சட்டமன்றம். 2021-இல் மதுரையில் வலதுசாரி யூடியூபர் ஒருவரை ஒரு ட்விட்டர் பதிவுக்காகக் கைது செய்தார்கள், மதுரைக் கிளை சில நாளில் ரத்து செய்தது. கொடியின் நிறம் மாறும், லத்தி ஒன்றுதான்.

மட்டுறுத்துநர் | 5 மே, மாலை 5.00

கட்சிச் சண்டைக்காக நான்கு பின்னூட்டங்கள் நீக்கப்பட்டன. நீக்கியதும் கருத்துச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று எழுதிய ஐந்தாவதை விட்டுவைத்திருந்தேன், எழுதியவரே எடுத்துவிட்டார்.

ஆனையூர்வாசி | 6 மே, இரவு 9.30

எல்லாரும் எழுதியதைப் படித்தேன். நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவன், இப்போது மதுரை. எங்கள் கதையையும் இந்த இழையில் பதிந்துவிடுகிறேன்.

எங்கள் ஊரில் மாஜிஸ்திரேட்டைப் பற்றி யோசிக்க நேரம் கொடுக்கமாட்டார்கள். நிமலராஜனை 2000 அக்டோபர் 19 இரவு வீட்டுக்குள் வைத்துச் சுட்டார்கள். பிபிசிக்குச் செய்தி கொடுத்தவர். ஊரடங்கு நேரம். சுற்றிலும் ராணுவத்தின் காவலரண்கள். வெளியில் நாய்கூட நடமாட முடியாத நேரத்தில் கொலைகாரன் ஜன்னலடிக்கு வந்து சுட்டுவிட்டு, கைக்குண்டையும் எறிந்துவிட்டு நடந்து போனான். பத்திரிகையாளர் சிவராமை 2005 ஏப்ரலில் கொழும்பில் கடத்தினார்கள், அடுத்த நாள் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் உடல் கிடந்தது. சிங்களவர் என்றாலும் விடவில்லை. 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவைக் கொன்றது 2009 ஜனவரி 8, பட்டப்பகல்.

'உதயன்' பத்திரிகையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006-இல் உலகப் பத்திரிகைச் சுதந்திர நாள் மாநாட்டை யுனெஸ்கோ கொழும்பில் நடத்தியது. வெளிநாட்டுக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். அதே மே 2 மாலை யாழ்ப்பாணத்தில் உதயன் அலுவலகத்துக்குள் துப்பாக்கியோடு புகுந்து இரண்டு பேரைக் கொன்றார்கள். இரண்டு பேரும் நிருபர்கள் அல்லர். ஒருவர் விற்பனைப் பகுதி மேலாளர், மற்றவர் விநியோகப் பகுதி. மறுநாளும் பேப்பர் வந்தது. சுவரில் விழுந்த குண்டுத் துளைகளைப் பூசாமல் அப்படியே வைத்திருக்கிறார்கள்.

நாகமலை அண்ணன் பட்டியலைப் பற்றிப் பேசினார். இந்த முறை இலங்கை 139. இந்தியாவை விட மேலே. எனக்கும் சிரிப்பு வந்தது. முன்பு கொன்ற எவனையும் இன்றுவரை தண்டிக்கவில்லை, இப்போது புதிதாகக் கொல்லவில்லை என்பதால் மதிப்பெண் ஏறுகிறது.

இன்னொன்று. இங்கே இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவர்கள் இந்த உரிமைகளைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. மறுவாழ்வு முகாம் என்று பெயரை மாற்றினார்கள், நல்லது. ஆட்களை நிறுத்தி ஆஜர் எடுப்பது மாறவில்லை, க்யூ பிரிவு போலீசின் கண்காணிப்பு மாறவில்லை. முகாமில் தண்ணீர் வரவில்லை என்று தட்டி எழுதிப் பிடிக்கவே இரண்டு முறை யோசிப்போம்.

உலகனேரி வக்கீல் | 6 மே, இரவு 10.25

ஆனையூர் அண்ணன் சொன்ன கடைசிப் பகுதிக்குச் சட்டக் காரணம் இருக்கிறது. 19-ஆவது பிரிவின் பேச்சுரிமை, கூடும் உரிமை எல்லாம் குடிமக்களுக்கு மட்டும். 21-உம் 22-உம் எல்லா மனிதர்களுக்கும் உண்டு. முகாமில் பிறந்து, மதுரையிலேயே படித்து, மதுரைத் தமிழே பேசும் பிள்ளைக்குக்கூட உயிர் வாழும் உரிமை உண்டு, தட்டி பிடிக்கும் உரிமை இல்லை. ஆனால் கைது செய்தால் 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியே ஆக வேண்டும்.

சிம்மக்கல் | 7 மே, காலை 6.15

இரண்டு பேரும் நிருபர்கள் அல்லர் என்று படித்ததும் உத்தங்குடி ஞாபகம் வந்தது. நாளை மறுநாள் மே 9.

2007-இல் தி.மு.க. தலைவரின் அரசியல் வாரிசு யார் என்று தினகரன் ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. அன்று பகலிலேயே உத்தங்குடியில் இருந்த அதன் மதுரை அலுவலகத்தைத் தாக்கி, பெட்ரோல் குண்டு வீசினார்கள். இறந்தவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கம்ப்யூட்டர் பொறியாளர்கள், ஒருவர் காவலாளி. மூவரில் ஒருவர்கூட அந்தக் கணிப்பில் ஒரு வரி எழுதியவர் அல்லர். சி.பி.ஐ. விசாரித்தது. 2009 டிசம்பரில் விசாரணை நீதிமன்றம் 17 பேரையும் விடுதலை செய்தது. 2019 மார்ச்சில் மதுரைக் கிளை அதை மாற்றி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள். தாக்கப்பட்ட அலுவலகத்துக்கும் தண்டனை கொடுத்த நீதிமன்றத்துக்கும் இடையே உள்ள தூரம் டவுன் பஸ்ஸில் சில நிறுத்தங்கள்.

அடுத்த சில வருடங்கள் மதுரையில் யாரும் கருத்துக்கணிப்பு என்ற சொல்லை உரக்கச் சொல்லவில்லை. பத்திரிகைக்காரர்கள் நாங்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: உன் ஆபீசில் பின்வாசல் இருக்கிறதா?

நாகமலை | 7 மே, காலை 11.00

சாத்தான்குளத்தையும் தினகரனையும் நான் மறுக்கவில்லை. எனக்கு எரிச்சல் மேற்கு நாடுகளின் உபதேசத்தில். பத்திரிகையாளர் பாதுகாப்புக் குழுவின் கணக்குப்படி 2024-இல் உலகில் கொல்லப்பட்ட பத்திரிகையாளர்களும் ஊடகப் பணியாளர்களும் குறைந்தது 124 பேர். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் இஸ்ரேலின் கையால். அந்தக் குண்டுகள் எங்கிருந்து வருகின்றன? அந்த அமெரிக்கா பட்டியலில் 57-ஆவது இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த நாட்டுப் பத்திரிகையாளரைக் கொல்ல ஆயுதம் கொடுத்தால் மதிப்பெண் குறையாது போலிருக்கிறது.

உலகனேரி வக்கீல் | 7 மே, பகல் 1.45

இதில் உங்களோடு முழு உடன்பாடு. ஆனால் அந்த 124-ஐ எண்ணிச் சொன்னதும் நியூயார்க்கில் இருக்கும் அமைப்புதான். அதே அமைப்பு 2024 டிசம்பர் 1 அன்று உலகச் சிறைகளில் 361 பத்திரிகையாளர்கள் இருப்பதாகவும் கணக்குக் காட்டியது. சீனா 50, இஸ்ரேல் 43, மியான்மர் 35. எண்ணுபவன் எந்த ஊர்க்காரன் என்பதை விட எண்ணியது சரியா என்று பார்ப்போம்.

புதூர் மாணவி | 7 மே, இரவு 8.50

மேலூர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. அப்படியானால் நாங்கள் எதற்கு இந்தப் படிப்பைப் படிக்கிறோம்?

மேலூர் பழைய நிருபர் | 8 மே, காலை 6.10

அம்மா, படிக்காதே என்று சொல்லவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் மனு எழுதக் கற்றுக்கொள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். என்னைப் போன்றவனுக்குக் குவாரி உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்று காகிதத்தில் காட்டியது அந்தப் பத்து ரூபாய்தான். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். 2023-இல் வந்த தனிநபர் தரவுச் சட்டத்தில், தனிநபர் தகவல் என்றாலே கொடுக்க வேண்டாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j)-ஐத் திருத்தி எழுதிவிட்டார்கள். இனி உரிமதாரர் பெயரும் தனிநபர் தகவல் என்று கைவிரிப்பார்கள்.

உலகனேரி வக்கீல் | 8 மே, காலை 7.30

8(2) இன்னும் இருக்கிறது. பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். மனுவிலேயே பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடு தங்கை.

மேலூர் பழைய நிருபர் | 3 ஜூலை 2025, காலை 6.40

இழை தூங்கிவிட்டது. திருப்புவனம் எழுப்பிவிட்டது.

மடப்புரம் காளி கோயில் காவலாளி. நகை காணவில்லை என்ற புகாருக்காகத் தனிப்படை அடித்தே கொன்றிருக்கிறது. அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்தார். கோயில் ஊழியர். நிருபர் அல்லர், பிரஸ் அட்டை இல்லை, யூடியூப் சேனல் இல்லை. அந்தக் காட்சி இல்லாவிட்டால் மறுநாள் ஐந்தாம் பக்கத்தில் 'விசாரணைக்கு அழைத்துச் சென்ற வாலிபர் சாவு' என்று எட்டு வரி வந்திருக்கும். வலிப்பு வந்தது என்று போலீஸ் தரப்பில் சொன்னதாகவும் ஒரு வரி சேரும். அந்த எட்டு வரியை நானே எத்தனையோ முறை எழுதி அனுப்பியவன், வாசகம்கூட மாறாது.

சிம்மக்கல் அண்ணே, உங்கள் மாஜிஸ்திரேட் இந்தக் கதையில் எங்கே இருக்கிறார்?

சிம்மக்கல் | 3 ஜூலை, காலை 9.00

எங்கேயும் இல்லை. கைது என்றே எழுதவில்லை. எழுதினால் 24 மணி நேரக் கணக்கு ஓட ஆரம்பிக்கும். கதவுக்குக் கொண்டு போகாமலே காரியத்தை முடிப்பது எப்படி என்று கற்றுக்கொண்டுவிட்டார்கள். மதுரைக் கிளை உடனே கையில் எடுத்தது, மாவட்ட நீதிபதி விசாரணை, போலீசார் கைது, இப்போது சி.பி.ஐ. எல்லாம் அந்த செல்போன் காட்சிக்குப் பிறகு.

ஆனையூர்வாசி | 3 ஜூலை, இரவு 9.15

படம் எடுத்த அந்தப் பையனை யாராவது பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊரில் முதலில் சாட்சிதான் காணாமல் போவான்.

உலகனேரி வக்கீல் | 22 நவம்பர் 2025, மாலை 6.30

ஒரு நல்ல செய்தி, இந்த இழைக்கு நேரடியாகத் தொடர்புடையது.

நியூஸ்கிளிக் என்ற இணையச் செய்தித்தளத்தின் நிறுவனர் பிரபீர் புர்காயஸ்தாவை 2023 அக்டோபரில் கைது செய்தபோது, காரணத்தை எழுத்தில் கொடுக்காமல், அவருடைய வக்கீலுக்கு ஒழுங்காகத் தெரிவிக்காமல், விடிகாலையில் ரிமாண்ட் வாங்கினார்கள். 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் கைதும் ரிமாண்டும் செல்லாது என்று அவரை விடுவித்தது. அது ஊபா, அதாவது சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்ட வழக்கு. சாதாரண வழக்குகளுக்குப் பொருந்துமா என்று கீழ்க் கோர்ட்டில் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த மாதம் 6-ஆம் தேதி மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் அதற்கு விடை வந்துவிட்டது. எந்தக் குற்றமானாலும் கைதின் காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும். கைதானவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும். உடனே முடியாவிட்டாலும், ரிமாண்டுக்கு நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவாவது கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கைதும் ரிமாண்டும் சட்டவிரோதம்.

நாகமலை | 22 நவம்பர், இரவு 8.00

புரியும் மொழி என்றால் தமிழில் தானே? வாடிப்பட்டியில் அச்சடித்த படிவம் இனி செல்லாது என்று எடுத்துக்கொள்ளலாமா?

உலகனேரி வக்கீல் | 22 நவம்பர், இரவு 8.20

மாஜிஸ்திரேட் கேட்டால் செல்லாது. கேட்காவிட்டால் நாங்கள் கேட்க வேண்டும். நேற்று ஒரு கோர்ட்டில் கேட்டேன். போலீஸ் எழுத்தர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அங்கேயே எழுத ஆரம்பித்தார். அதில் நேரம் போடச் சொன்னேன். போட மறுத்தார். மாஜிஸ்திரேட் அதைக் குறித்துக்கொண்டார்.

புதூர் மாணவி | 23 நவம்பர், காலை 7.00

அண்ணே, அந்த உத்தரவின் நகல் கிடைக்குமா? படிப்பை முடித்துவிட்டு ஒரு நாளிதழில் பகுதி நேரமாகச் சேர்ந்திருக்கிறேன். கோர்ட் செய்திதான் என் பிரிவு. இரண்டு பத்தி எழுதித் தருகிறேன் என்று கேட்டிருக்கிறேன், இடம் இருந்தால் போடுவதாகச் சொன்னார்கள்.

மேலூர் பழைய நிருபர் | 23 நவம்பர், காலை 7.25

பொங்கல் மலருக்கு எவ்வளவு கேட்டார்கள் அம்மா?

புதூர் மாணவி | 23 நவம்பர், காலை 7.31

இரண்டு அரைப்பக்கம் ஐயா. யாரிடம் போய்க் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

உலகனேரி வக்கீல் | 23 நவம்பர், காலை 9.10

நகல் மனு போட்டிருக்கிறேன் தங்கை, செவ்வாய்க்கிழமை கிடைக்கும். கைதானவரின் பெயரைப் போடாமல் எழுது. போலீஸ் எழுத்தர் நேரம் போட மறுத்ததை மட்டும் விடாதே.